வீதியும் வாகனமும்: எஞ்சினை மாற்றமுன் பாரத்தைப் பாருங்கள்

சென்ற இதழின் பின்னர் எமக்கு வந்த கடிதங்களுள் ஒன்று, இங்கிலாந்தின் வடபகுதியில் குடியேறியிருக்கும் ஒரு தகப்பனாருடையது. குடும்பம் இந்நாட்டுக்கு வந்து நான்கு ஆண்டுகள்தானாம். மகனுக்கு இருபது வயது. கல்லூரியில் வாகனத் தொழில்நுட்பம் படிக்கிறார். சென்ற ஆண்டுதான் சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தார். பகுதிநேர வேலையில் சேர்த்த காசைக் கொண்டு 1972ஆம் ஆண்டின் எம்.ஜி.பி. ஜீ.ரி. கார் ஒன்றை வாங்கி, ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சினைக் கழற்றிவிட்டு றோவர் வி8 எஞ்சினைப் பூட்டப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாராம். இது புத்தியுள்ள வேலையா, இந்நாட்டுச் சட்டம் இதற்கு இடம் தருமா, இப்படி ஒரு காரில் பிள்ளை பத்திரமாக வீடு வந்து சேருமா என்று தகப்பனார் கேட்டிருக்கிறார். மூன்றாவது கேள்வியை எழுதத்தான் அவர் பேனாவை எடுத்திருப்பார் என்று எண்ணுகிறோம்.

எமது பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மகனைத் தடுக்க வேண்டாம். வேலையின் ஒழுங்கை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். எஞ்சின் கடைசியில் வரட்டும். உடற்கட்டும் பிறேக்கும் பாரமும் அதற்கு முன்னால் வரவேண்டும். இது வயதானவர்களின் பயத்தில் பிறந்த புத்திமதி அல்ல. அந்தக் காரின் சரித்திரத்தைப் படித்தால் மகனே இதை ஒப்புக்கொள்வார்.

எம்.ஜி.பி. கார் 1962இல் வெளிவந்தது. 1980 வரை ஒக்ஸ்போர்ட் அருகே அபிங்டன் தொழிற்சாலையில் ஐந்து இலட்சத்துக்கும் மேலாகச் செய்தார்கள். நான்கு சிலிண்டர், 1798 சி.சி., 95 குதிரைவலு. அந்த எஞ்சின் எம்மில் மூத்தவர்கள் பலருக்குப் புதிதல்ல. ஊரில் வாடகைக்கும் கலியாணத்துக்கும் ஓடிய ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் காரின் எஞ்சினும் எம்.ஜி.பி.யின் எஞ்சினும் ஒரே குடும்பம். பி-சீரிஸ் என்று அதற்குப் பெயர். இந்தியாவின் அம்பாசடர் காரிலும் நெடுங்காலம் ஓடியது இதே குடும்பத்து எஞ்சின்தான். இரும்பு வார்ப்பு; பாரம் கூட; ஆனால் அடித்தாலும் சாகாது. 1990களில் பொருளாதாரத் தடையால் வடக்கில் பெற்றோல் அற்றுப்போனபோது, எமது மெக்கானிக்மார் பழைய ஒஸ்ரினையும் மொறிஸ் மைனரையும் மண்ணெண்ணெயில் ஓட வைத்தார்கள். சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்றபடியால்தான் அது முடிந்தது. அந்தக் கைகளில் சில இன்று இந்நாட்டில் பெற்றோல் நிலையக் காசுமேசைக்குப் பின்னால் நிற்கின்றன. மகன் அப்படி ஒருவரைத் தேடிப்பிடித்தால் கல்லூரியில் கிடைக்காத பாடம் கிடைக்கும்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். எம்.ஜி.பி.க்கு இன்னும் வலு வேண்டும் என்று அதைச் செய்தவர்களே ஆசைப்பட்டார்கள். 1967இல் அதே உடலில் ஆறு சிலிண்டர், 2912 சி.சி. எஞ்சினைப் பூட்டி எம்.ஜி.சி. என்று விற்றார்கள். 145 குதிரைவலு. தாளில் பார்த்தால் ஐம்பது குதிரை கூடிவிட்டது. ஆனால் அந்த எஞ்சினும் இரும்பு. முன்பக்கத்தில் சுமார் 95 கிலோ கூடியது. பெரிய மனிதர் ஒருவரைப் பொனற்றின் கீழ் நிரந்தரமாக இருத்தியதற்குச் சமம். எஞ்சின் இடங்கொள்ளாமல் பொனற்றில் புடைப்பு வைத்தார்கள். முன் சஸ்பென்சனையே வேறு விதமாக மாற்றினார்கள். ஓடிப்பார்த்த பத்திரிகையாளர்கள் முகம் சுளித்தார்கள். வளைவில் ஸ்ரியறிங்கைத் திருப்பினால் சில்லு திரும்பும், காரின் மூக்கோ நேரே போகப் பார்க்கும். இரண்டே ஆண்டுகள். 1969இல் நிறுத்திவிட்டார்கள்.

வலு கூடியும் கார் ஏன் கெட்டது என்பதை மகனிடம் கேளுங்கள். சரியான பதில் வந்தால் பாதிப் பயம் போய்விடும்.

எம்.ஜி.சி. தோற்ற கையோடு, கென்ற் பகுதியைச் சேர்ந்த கென் கொஸ்ரெலோ என்ற பந்தய ஓட்டுநர் அதே எம்.ஜி.பி. உடலில் றோவர் வி8 எஞ்சினைப் பூட்டி விற்கத் தொடங்கினார். எட்டுச் சிலிண்டர், 3528 சி.சி. ஆறு சிலிண்டரே மூக்கைக் கீழே இழுத்த காரில் எட்டுச் சிலிண்டரா என்று கேட்கத் தோன்றும். இரகசியம் உலோகத்தில் இருக்கிறது. றோவர் எஞ்சினின் உடலும் தலையும் அலுமினியம். எம்.ஜி.பி.யின் நான்கு சிலிண்டர் இரும்பு எஞ்சினைவிட அது பாரம் கூடியதல்ல. அளவில் இரண்டு மடங்கு, நிறையில் ஏறக்குறைய சமம்.

அந்த எஞ்சின் பிறந்ததும் இங்கிலாந்தில் அல்ல. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1961இல் பியூயிக் கார்களுக்காகச் செய்து, செலவு கட்டவில்லை என்று 1963இல் கைவிட்ட எஞ்சின் அது. றோவர் நிறுவனம் 1965இல் உரிமையை வாங்கி இங்கே கொண்டுவந்தது. அதன் பிறகு றோவர் கார்களிலும் றேஞ்ச் றோவரிலும் நாற்பது ஆண்டுகள் வரை ஓடியது. பிறந்த இடத்தில் வேண்டாமென்று விடப்பட்டு, வந்த இடத்தில் ஊன்றிக்கொண்ட எஞ்சின் என்பதால் எமக்கு அதில் ஒரு தனிப் பிரியம் உண்டு.

கொஸ்ரெலோவின் காரைப் பார்த்த பிரிட்டிஷ் லேலண்ட் நிறுவனம் 1973 ஓகஸ்ற் மாதம் தானே எம்.ஜி.பி. ஜீ.ரி. வி8 காரை வெளியிட்டது. 137 குதிரைவலு, மணிக்குச் சுமார் 125 மைல். ஒக்ரோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1976இல் 2,591 கார்களோடு கதை முடிந்தது. கார் கெட்டதென்று எவரும் சொல்லவில்லை, காலம் கெட்டது.

இங்கே மகன் கவனிக்க வேண்டிய சங்கதி, அந்தத் தொழிற்சாலை எஞ்சினைத் தவிர வேறு எவற்றை மாற்றியது என்பது. கொஸ்ரெலோ பொனற்றில் புடைப்பு வைத்து இடம் எடுத்தார். தொழிற்சாலையோ காபரேற்றர் இரண்டையும் எஞ்சினின் பின்பக்கத்துக்கு நகர்த்தி, பழைய பொனற்றே மூடும்படி செய்தது. எக்ஸோஸ்ற் குழாய்கள் இறங்குவதற்காக எஞ்சின் அறையின் பக்கத் தகடுகளை வேறு வடிவில் அழுத்தியது. றேடியேற்றரை முன்னே தள்ளி, மின்விசிறி இரண்டு வைத்தது. பின் அச்சின் பற்சக்கர விகிதத்தை 3.9இலிருந்து 3.07 ஆக மாற்றியது. முன் பிறேக் தட்டுகளைத் தடிப்பாக்கியது. இவ்வளவையும் சம்பளம் வாங்கும் பொறியியலாளர்கள் செய்தார்கள். வீட்டுக் கராஜில் செய்பவர் இவற்றில் ஒன்றைத் தவறவிட்டாலும் அது சும்மா விடாது. றேடியேற்றர் காணாவிட்டால் சந்திச் சிவப்பு விளக்கில் நின்று கொதிக்கும். பின் அச்சை மாற்றாவிட்டால் எஞ்சின் தேவையின்றிச் சுழன்று பெற்றோலைக் குடிக்கும். பிறேக்கை மாற்றாவிட்டால் என்ன நடக்கும் என்பதை எழுத எமக்கு விருப்பமில்லை. வேகம் இரண்டு மடங்கானால் பிறேக் விழுங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு என்பதை மட்டும் சொல்லிவைக்கிறோம்.

இனிப் பாரத்தின் கணக்கு. இதைத் தகப்பனாரும் மகனும் மேசையில் தாள் ஒன்றை வைத்துச் செய்து பார்க்கலாம். காரின் குதிரைவலுவைக் காரின் நிறையால் வகுத்தால், ஒரு தொன்னுக்கு எத்தனை குதிரை என்று வரும். கார் எப்படிப் பாயும் என்பதைச் சொல்வது அந்த எண்தான். கூரையற்ற எம்.ஜி.பி. சுமார் 920 கிலோ. 95 குதிரை. தொன்னுக்கு 103. இதிலிருந்து 90 கிலோவைக் கழித்தால் தொன்னுக்கு 114 ஆகிவிடும். நிறையைக் குறைக்காமல் அதே எண்ணை எட்ட வேண்டுமானால் எஞ்சினில் பத்துக் குதிரை கூட்ட வேண்டும். எஞ்சினில் கூட்டிய பத்துக் குதிரை பிறேக்குக்கு வேலை கூட்டும். உடலில் கழித்த 90 கிலோ பிறேக்குக்கும் ரயருக்கும் ஸ்பிறிங்குக்கும் வேலையைக் குறைக்கும், பெற்றோலையும் மிச்சம் பிடிக்கும். ஒரே எண்தான், ஆனால் ஒரே கார் அல்ல.

இந்தக் கணக்கை இந்நாட்டில் எவரையும்விட நன்றாக விளங்கிக்கொண்டவர் லோட்டஸ் நிறுவனத்தை உண்டாக்கிய கொலின் சப்மன். எம்.ஜி.பி. வந்த அதே 1962இல் அவருடைய லோட்டஸ் எலான் வந்தது. முதுகெலும்பு போல நடுவே ஓர் உருக்குச் சட்டம், மேலே ஃபைபர்கிளாஸ் உடல். எஞ்சின் வெறும் 1558 சி.சி., 105 குதிரை. ஆனால் கார் 700 கிலோவுக்கும் குறைவு. வகுத்துப் பாருங்கள். தொன்னுக்கு 150க்கு மேல் வரும். 3528 சி.சி. எஞ்சினோடு 1,080 கிலோ நிறையுள்ள எம்.ஜி.பி. ஜீ.ரி. வி8க்கு 127தான் வரும். பெரிய எஞ்சின் வேண்டுமென்று நிற்கும் மகனுக்கு இதைவிட நல்ல விடையை எம்மால் தர முடியாது.

அப்படியானால் 1972ஆம் ஆண்டுக் காரில் எதைக் கழற்றலாம்? எம்.ஜி.பி.யின் ஆரம்ப ஆண்டுகளில் பொனற் அலுமினியம், பிறகுதான் உருக்காக்கினார்கள். பழைய அலுமினியப் பொனற் இன்னும் தேடினால் கிடைக்கும், முன்பக்கத்துப் பாரம் குறையும். இரண்டு 6 வோல்ற் பற்றரிகள் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும்; அதற்குப் பதிலாக 12 வோல்ற் ஒன்று போதும். அதைப் பின்னாலேயே வைக்கவேண்டும், எஞ்சின் அறைக்குக் கொண்டுவரக் கூடாது. பாரம் எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் கேள்விதான், எம்.ஜி.சி. தோற்றது அதில். உருக்குச் சில்லுகளுக்குப் பதில் நல்ல அலோய் சில்லுகள் போட்டால், ஸ்பிறிங்குக்குக் கீழே உள்ள பாரம் குறைந்து, மேடுபள்ளத்தில் ரயர் வீதியை விடாமல் பிடிக்கும். ஈரம் குடித்துக் கனத்துப்போன பழைய சத்தந்தாங்கி விரிப்புகளை உரித்தெறியலாம்; கார் கொஞ்சம் இரையும், பரவாயில்லை. தண்ணீர் அதன் கீழே தேங்கித் தரைத்தகட்டைத் தின்றிருப்பதும் அப்போதுதான் தெரியவரும்.

கழற்றக் கூடாதவையும் உண்டு. பந்தயக் கார்களின் படங்களைப் பார்த்துவிட்டு, பாரம் குறைக்கிறோம் என்று பிறேக் மிதியிலும் தாங்கிகளிலும் ஓட்டை துளைப்பவர்களை நாம் அறிவோம். வேண்டாம். இருக்கைப்பட்டியும் அதன் பிடிமானமும் தொடக்கூடாதவை. எல்லாவற்றையும்விட முக்கியம் கதவுகளின் கீழே ஓடும் பக்கப் பெட்டிகள். எம்.ஜி.பி.க்குத் தனியான அடிச்சட்டம் கிடையாது, உடலேதான் சட்டம். அந்தப் பெட்டிகளில்தான் காரின் பலம் முழுவதும் நிற்கிறது. கறள் முதலில் பிடிப்பதும் அங்கேதான். வெளியே புட்டி பூசிப் பளபளவென்று மை அடித்திருப்பார்கள், உள்ளே பிஸ்கற் போல உதிரும். கூரையற்ற காரை நடுவில் ஜாக் வைத்து உயர்த்தும்போது கதவு திறக்க மூட இறுகினால், உடல் வளைகிறது என்று அர்த்தம். ஜீ.ரி.க்குக் கூரை கொஞ்சம் துணை செய்வதால் அவ்வளவு இலகுவில் காட்டிக்கொடுக்காது. கறள் பிடித்த உடலில் வி8 எஞ்சினைப் பூட்டுவது, கறையான் தின்ற வளையில் ஊஞ்சல் கட்டுவது போல. ஆகவே கார் பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். புட்டி பூசிய இடத்தில் அது ஒட்டாது.

இப்போது சட்டம். தகப்பனாருக்கு இதுதான் முக்கியம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

எஞ்சினை மாற்றுவது குற்றமல்ல. மாற்றியதை மறைப்பதுதான் குற்றம். எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் மாறினால் சுவான்சியிலுள்ள டி.வி.எல்.ஏ.க்கு, வீ5சீ பதிவுப் பத்திரத்தோடும் எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டு முதலிய ஆதாரத்தோடும் அறிவிக்க வேண்டும். 40 ஆண்டுகளைக் கடந்த காருக்கு வீதிவரி கட்டத் தேவையில்லை. 2018 மே மாதத்திலிருந்து வருடாந்த எம்.ஓ.ரி. சோதனையும் கட்டாயமில்லை. ஆனால் காரின் அமைப்பைப் பெரிதாக மாற்றியிருந்தால் சோதனை விலக்கு இல்லாமற் போகலாம். விலக்கு இருந்தாலும் சோதனைக்குக் கொண்டுபோகவே நாம் சொல்வோம். வேறொருவர் காரின் அடியில் நின்று பார்ப்பதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது.

அடுத்தது காப்புறுதி. எஞ்சினை வாங்கமுன், ஏன், காரையே வாங்கமுன், காப்புறுதி நிறுவனங்களுக்குத் தொலைபேசி எடுத்து, இருபது வயது, சென்ற ஆண்டு அனுமதிப்பத்திரம், வி8 எஞ்சின் என்று மூன்றையும் சொல்லி விலை கேட்க வேண்டும். பழைய கார்களுக்கான மலிவான காப்புறுதிகள் பல 25 வயதுக்குக் குறைந்தவர்களை ஏற்பதில்லை. சொல்லாமல் எடுத்தால் என்ன என்று யோசிக்கக் கூடாது. மாற்றத்தை மறைத்தால், விபத்தின்போது நிறுவனம் பணத்தைக் குறைக்கலாம், ஒப்பந்தத்தையே இல்லையென்று ஆக்கலாம். காப்புறுதியின்றி ஓடிப் பிடிபட்டால் 300 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும். அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு ஆண்டுகளுக்குள் 6 புள்ளி சேர்ந்தால் அது இரத்தாகும். எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் மறுபடி முதலிலிருந்து. காரையும் பொலிசார் எடுத்துக்கொண்டு போகலாம்.

எமது குடும்பங்களில் சிலர் செய்யும் ஒரு வேலையையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். மகனின் காரைத் தகப்பன் பெயரில் காப்புறுதி செய்து, தகப்பனே பிரதான சாரதி, மகன் எப்போதாவது ஓட்டுபவர் என்று எழுதிக்கொடுப்பது. பாசத்தில் செய்வதாக இருக்கலாம். ஆனால் இந்நாட்டுச் சட்டத்தில் அதற்குப் பெயர் மோசடி. பிரித்தானியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள். ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பெற்ற வதிவிட உரிமையின் அடுத்த படியில், நூற்றுக்கணக்கான பவுணை மிச்சம்பிடிக்கப் போட்ட ஒரு கையெழுத்து வந்து குறுக்கே நிற்க வேண்டாம்.

காப்புறுதி விலையைக் கேட்டதும் மகனின் முகம் வாடக்கூடும். அதற்கும் வழி உண்டு. இருக்கிற 1798 சி.சி. எஞ்சினையே ஓடவிடட்டும். முதல் ஆண்டு கறளும் பக்கப் பெட்டிகளும். பிறகு பிறேக், ரயர், சொக் அப்சோபர். அதோடு நாம் சொன்ன பாரக் குறைப்பு. பெற்றோல் குழாய்களின் ரப்பரையும் மாற்ற மறக்கக் கூடாது. 2021 செப்ரெம்பர் முதல் இந்நாட்டில் சாதாரணப் பெற்றோல் ஈ10, அதிலுள்ள எதனோல் பழைய ரப்பரை அரித்துவிடும். சூடான எஞ்சினில் பெற்றோல் கசிந்தால் தீதான். இவ்வளவும் முடித்த காரை இரண்டு மூன்று ஆண்டுகள் ஓட்டினால் விபத்தில்லாத சாரதி என்ற பெயரும் சேரும். காப்புறுதி விலையும் இறங்கும். அப்போதும் வி8 ஆசை இருந்தால் பூட்டட்டும். உடலும் பிறேக்கும் அதற்கு ஆயத்தமாக இருக்கும்.

தனியே செய்யவும் தேவையில்லை. எம்.ஜி. கார் கழகம் 1930 முதலும் எம்.ஜி. உரிமையாளர் கழகம் 1973 முதலும் இயங்குகின்றன. நாடெங்கும் கிளைகள் உண்டு. அங்கே வருபவர்களில் ஓய்வுபெற்ற வெள்ளைக்காரப் பெரியவர்கள் அதிகம். இளைஞர் ஒருவர் காரைப்பற்றிக் கேள்வி கேட்டு வந்தால் விடமாட்டார்கள். தேநீர் தந்து மூன்று மணி நேரம் கதைப்பார்கள். கடன் கேட்டால் ஸ்பனரும் தருவார்கள், எஞ்சின் தூக்கும் கிரேனும் தருவார்கள். புதிய ஊரில் பழக்கமில்லாமல் இருக்கும் பிள்ளைக்கு அதுவும் ஒரு வரவு.

கடைசியாக, வி8 எஞ்சினைத் தேடத் தொடங்கும் காலத்துக்கு ஒரு குறிப்பு. பழைய றோவர் கார், றேஞ்ச் றோவர், டிஸ்கவரி ஆகியவற்றிலிருந்து கழற்றிய எஞ்சின்களே விற்பனைக்கு வரும். ஒயிலை நேரத்துக்கு மாற்றாத எஞ்சினில் கேம் தண்டும் அதன் மேலே ஓடும் தப்பற்றுகளும் தேய்ந்திருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது. மேல்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். உள்ளே கரிய சேறு படிந்திருந்தால் விலை எவ்வளவு மலிவானாலும் விட்டுவிட்டு வாருங்கள். எஞ்சினோடு 1976க்குப் பிந்திய றோவரின் ஐந்து கியர்ப் பெட்டியும் சேர்ந்து கிடைத்தால் அதைத் தவறவிட வேண்டாம்.

அடுத்த இதழில், ஈ10 பெற்றோலைப் பற்றியும் எந்தக் காருக்கு எந்தப் பெற்றோல் என்பதைப் பற்றியும் எழுதுவோம். வாகனங்கள் தொடர்பான உங்கள் கேள்விகளை வழமைபோல் எமக்கு எழுதி அனுப்புங்கள்.